ஆன்லைன் கிளாஸ்: எந்த வயசுக்கு?

மழை லீவு விட்டா போதும், எல்கேஜி பிள்ளைக்குக்கூட "இன்னைக்கு ஆன்லைன் கிளாஸ்"னு சில தனியார் பள்ளிகள் லிங்க் அனுப்பிடறாங்க. எனக்கு இதுல சுத்தமா உடன்பாடு இல்லீங்க. ஆன்லைன் படிப்பே வேஸ்ட்னு சொல்ல வரலை. எந்த வயசுல என்பதுதான் கேள்வி.

முதல்ல பெரியவங்களை எடுத்துக்குவோம். ஐஐடி, ஐஐஎஸ்சி பேராசிரியர்களோட பாடங்களை என்பிடெல் இலவசமாவே தருது. சென்னை ஐஐடி 2020-ல ஆரம்பிச்ச டேட்டா சயின்ஸ் படிப்புக்கு வயசு வரம்பே கிடையாது. பரீட்சை மட்டும் நேர்ல போய் எழுதணும். வேலை முடிஞ்சு வந்து ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து படிக்கலாம். புரியலைன்னா நிறுத்தி, மறுபடி கேட்கலாம். இவங்களுக்கு இது வரப்பிரசாதம்தான். ஏன்னா இவங்களுக்கு வாசிக்கத் தெரியும், எதுக்குப் படிக்கறோம்னு தெரியும், எது புரியலைன்னும் தெரியும்.

அஞ்சு வயசுப் பிள்ளைகிட்ட இந்த மூணுமே கிடையாது. டீச்சர் விரலைப் பிடிச்சு 'அ' போட வைக்கணும். பக்கத்துப் பிள்ளை எப்படி எழுதுதுன்னு எட்டிப் பார்க்கணும். போன்ல இதெல்லாம் நடக்குமா? கடைசியில பாடம் கேட்கறதும் அம்மா, பதில் சொல்றதும் அம்மா. பிள்ளை ஃபேனைப் பார்த்துக்கிட்டு இருக்கும் :-)

2020 ஜூலையில மத்திய அரசு போட்ட வழிகாட்டுதலே, மழலையர் வகுப்புக்கு நாளைக்கு 30 நிமிஷத்துக்கு மேல கூடாது, அதுவும் பெற்றோர்கிட்ட பேசி வழிகாட்டறதுக்குன்னுதான் சொல்லுச்சு.

கொரோனாவுல என்ன ஆச்சுன்னும் பார்த்துட்டோம். 2020 மார்ச்ல மூடின தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ந்தேதிதான் திறந்தது. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் தமிழகக் கிராமங்கள்ல சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதிச்சாங்க. அதே ஊர்ல 2019-ல அதே வயசுல இருந்த பிள்ளைகளைவிட இவங்க ரொம்பவே பின்தங்கி இருந்தாங்க. மொழியைவிட கணக்குல அடி அதிகம்.

"பல வீட்ல போனே இல்லையே, அதனாலதானே?"ன்னு கேட்பீங்க. அதுவும் உண்மைதான். ஆனா இழந்தது எப்படித் திரும்புச்சுன்னு பாருங்க. பள்ளி திறந்து ஆறே மாசத்துல மூணுல ரெண்டு பங்கு மீண்டுடுச்சு. அந்த மீட்சியில கிட்டத்தட்ட கால்வாசிக்கு இல்லம் தேடிக் கல்வி காரணம்னு அந்த ஆய்வே சொல்லுது. அதுல இருந்தது என்ன? ஆப் இல்லீங்க. அதே ஊரைச் சேர்ந்த ஒரு தன்னார்வலர், சாயந்திர நேரம், சுத்தி உட்கார்ந்த பிள்ளைங்க. அவ்ளோதான்.

நடுவுல இருக்கற எட்டாவது, பத்தாவது பசங்க கதைதான் இழுபறி. வாசிக்கத் தெரியும், ஆனா கேமராவை ஆஃப் பண்ணிட்டு கேம் ஆடவும் தெரியும்! ஸ்கூல்ல புரியாத கணக்கை வீட்ல வீடியோ பார்த்துப் புரிஞ்சுக்கட்டும், நல்லது. ஆனா ஸ்கூலுக்கு பதிலா அது ஆகாது.

அதனால என் கட்சி இதுதான்: தானா வாசிக்க ஆரம்பிக்கற வரைக்கும் ஆன்லைன் கிளாஸ் வேண்டாம். பெத்தவங்களும் "ஃபீஸ் கட்டறோமே, கிளாஸ் எடுங்க"ன்னு பள்ளியை நெருக்காதீங்க. சின்னதுங்களுக்கு ஒரு நாள் பாடம் போனா ஒண்ணும் குடி முழுகிடாது. கப்பல் விடட்டும்.

என்ன சொல்றீங்க?