முன்களப் பணியாளருக்கு ஃப்ளூ ஊசி எப்போது?

மார்கழியில் திருவரங்கத்தின் வீதிகள் நிரம்பி வழிகின்றன. பகல் பத்து, இராப் பத்து என நீளும் விழா நாட்களில் கூட்டம் விட்டுச்செல்லும் எச்சில் இலைகளையும் கழிவறைகளையும் சுத்தம் செய்வோரில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள். அவர்களிலும் அருந்ததியர் அதிகம். மழையும் பனியும் சேரும் அந்தப் பருவத்தில், இருமும் கூட்டத்தின் நடுவே அவர்கள் நிற்கிறார்கள்.

இன்ஃபுளுயன்சாவுக்குத் தடுப்பூசி இருக்கிறது. வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் போட வேண்டும். ஆனால் நாடு தழுவிய இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் அதற்கு இடமில்லை. திருச்சியில் அதைப் பெற விரும்புபவர் மருத்துவரிடம் சீட்டு வாங்கி, மருந்துக் கடையில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து, 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டிய மருந்தைப் பனிக்கட்டிப் பொட்டலத்துடன் சுமந்து, மீண்டும் கிளினிக் வாசலில் காத்திருக்க வேண்டும். ஓய்வூதியம் பெறும் முதியவருக்கு இது அலைச்சல். விடியுமுன் துடைப்பம் ஏந்துபவருக்கோ ஒரு நாள் கூலியும் போய்விடும். இங்கிலாந்தில் 65 வயதைக் கடந்தோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் தெருமுனை மருந்துக் கடையிலேயே அரசுச் செலவில் இந்த ஊசி போடப்படுகிறது.

கொரோனாவின்போது அரசு இப்பணியாளர்களை மறக்கவில்லை என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும். 2021 பிப்ரவரியில் முன்களப் பணியாளர் என்ற வரிசையில் அவர்களுக்கு ஊசி கிடைத்தது; 2022 ஜனவரி 10 முதல் முன்னெச்சரிக்கைத் தவணையும் கிடைத்தது. அவர்களின் குடும்பத்தினர் கதை வேறு. 2022 ஏப்ரல் 10 முதல் 18 முதல் 59 வயதினருக்கான தவணை தனியார் மையங்களில் மட்டும் என்றானது. ஊசி விலை 225 ரூபாய், சேவைக் கட்டணம் 150 வரை. வயதுவந்தோர் நால்வர் உள்ள வீட்டுக்கு ஏறத்தாழ 1,500 ரூபாய். ஜூலை 15 முதல் 75 நாட்கள் இலவசம் என்று ஒன்றிய அரசு அறிவிக்கும்வரை மூன்று மாதங்களுக்கு மேல், வீட்டில் ஒருவருக்குக் கவசமும் மற்றவருக்கு விலைப்பட்டியலும் இருந்தன.

அந்த 'முன்களம்' என்ற சொல் இப்போது எங்கே போயிற்று? சுகாதாரப் பணியாளர்கள் ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒன்றிய சுகாதாரத் துறையும் அதையே சொல்கிறது. நோயாளியின் படுக்கையருகே நிற்பவர் சுகாதாரப் பணியாளர் என்றால், அந்த வார்டின் கழிவை அள்ளுபவர் யார்? 'துப்புரவு' என்பதைத் 'தூய்மை' எனப் பெயர் மாற்றியவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

இதில் ஒப்பந்தமுறை இன்னொரு முடிச்சு. மாநகராட்சிகளின் தூய்மைப் பணியை வெளி முகமைகளிடம் விட வழி திறந்த 2022ஆம் ஆண்டின் அரசாணை 152, முதலாளி யார் என்பதையே மங்கலாக்கியது. ஊசிக்குப் பணம் கேட்டால் மாநகராட்சி முகமையைக் காட்டலாம். முகமை ஒப்பந்தத் தாளைக் காட்டலாம்.

கட்டமைப்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுசெல்கிறது. ஃப்ளூ கடுமையாகத் தாக்குவதும் இத்தகைய நோயாளிகளைத்தான். 2025 பிப்ரவரி 24 அன்று ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் குளிர்பதனப் பெட்டிகளும் செவிலியர்களும் இருக்கிறார்கள். மார்கழிக்கு முன், ஐப்பசியிலேயே, நிரந்தரம் ஒப்பந்தம் என்ற பேதமின்றித் திருச்சி மாநகராட்சியின் ஒவ்வொரு தூய்மைப் பணியாளருக்கும் அவர்கள் வருகைப் பதிவு செய்யும் இடத்திலேயே, கூலி பிடிக்காமல், இந்த ஊசி போடப்பட வேண்டும். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது அதன் செலவு எந்தத் தரப்புக்கு என்பதையும் எழுத்தில் சேர்க்க வேண்டும்.