செயலியை எடுத்துவிட்டால் மோசடி நின்றுவிடுமா?

2023 டிசம்பர் 28 அன்று மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவு பைனான்ஸ், குகாயின், க்ராக்கன் உள்ளிட்ட ஒன்பது வெளிநாட்டு கிரிப்டோ நிறுவனங்களுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யாமலே இந்தியர்களிடம் தொழில் நடத்துகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. ஜனவரி இரண்டாம் வாரத்தில் ஆப்பிளும், அடுத்து கூகுளும் அந்தச் செயலிகளைத் தங்கள் தளங்களிலிருந்து எடுத்துவிட்டன. 2025 அக்டோபரில் மேலும் 25 நிறுவனங்களுக்கு அதேபோல நோட்டீஸ் போனது. பதிவு செய்யாதவரைத் தட்டிக் கேட்பது அரசின் கடமைதான். ஆனால், செயலியை நீக்குவதே மக்களைக் காக்கும் வழி என்று நம்பிக்கொண்டிருப்பது வேறு விஷயம்.

காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்தில் ஒருவர் தன் கைபேசியில் அப்படியொரு செயலியைத் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிளே ஸ்டோரில் அது கிடைக்காது. டெலிகிராம் குழுவில் கேட்டால் அதே பெயரும் அதே சின்னமும் கொண்ட ஏபிகே கோப்பு உடனே வரும். தெரியாத இடத்திலிருந்து வரும் செயலியை அனுமதிக்கலாமா என்று கைபேசி கேட்கும். அவர் ‘சரி’ என்று அழுத்துவார். அடுத்து, அவருடைய கிரிப்டோ பணப்பையை மீட்க உதவும் பன்னிரண்டு ரகசியச் சொற்களை அந்தச் செயலி கேட்கும். அதைக் கொடுத்த பிறகு போலீஸில் புகார் கொடுக்கலாம், போன பணம் திரும்புவது அரிது. பெயருக்காவது பரிசோதனை இருந்த வாசலை அடைத்து, பரிசோதனையே இல்லாத சந்துக்குள் ஆளைத் தள்ளிவிடுகிறோம்.

தடை பலன் தரவில்லையா என்று கேட்பார்கள். தந்தது. குகாயின் 34.5 லட்சம் ரூபாய் அபராதம் கட்டிப் பதிவு செய்தது. பைனான்ஸுக்கு 2024 ஜூனில் 18.82 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. இந்தியச் சந்தையை இழக்க மனமில்லாமல் நிறுவனங்கள் இறங்கிவந்தன என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதிவு என்பது பாதுகாப்பு முத்திரை அல்ல. முறையாகப் பதிவு பெற்று, எல்லாக் கைபேசியிலும் கிடைத்த வசிர்எக்ஸ் தளத்திலிருந்துதான் 2024 ஜூலை 18 அன்று சுமார் 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள நாணயங்கள் களவுபோயின. தமிழகத்தின் வட மாவட்டங்களில் ஆருத்ரா நிறுவனம் பல்லாயிரம் குடும்பங்களின் சேமிப்பை வாரிக்கொண்டு போனதற்கோ எந்தக் கிரிப்டோ செயலியும் தேவைப்படவில்லை. தெரிந்த முகமாக வந்த ஏஜென்டுகள் போதுமானவர்களாக இருந்தார்கள்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. பரிவர்த்தனை நிறுவனம் வேறு, பணப்பைச் செயலி வேறு. முன்னது நம் பணத்தை வாங்கி வைத்துக்கொள்கிறது. பின்னது சாவியை நம்மிடமே விட்டுவிடுகிறது. செயலிக் கடைகளை நடத்தும் ஆப்பிளும் கூகுளும் இந்த வேறுபாட்டைப் பலமுறை கோட்டைவிட்டிருக்கிறார்கள். 2014 பிப்ரவரியில் ஆப்பிள் ஒரு பிரபல பிட்காயின் பணப்பையை நீக்கி, சில மாதங்கள் கழித்துத் தன் விதியையே மாற்றியது. 2019 டிசம்பரில் மெட்டாமாஸ்க்கை நாணயம் ‘தோண்டும்’ செயலி என்று சொல்லி கூகுள் நீக்கியது, சில நாட்களில் திரும்பச் சேர்த்தது. கலிஃபோர்னியாவில் ஒரு அலுவலர் விதியைத் தப்பாகப் படித்தால் இங்கே முறையிட யாரும் இல்லை.

சூதாட்டத்துக்கு எதற்கு இவ்வளவு பரிவு என்பார்கள் சிலர். 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்தில் 30 சதவீதம் வரி வாங்கும் அரசு அப்படிச் சொல்ல முடியாது. தவிர, கிரிப்டோ என்பது ஒருவர் உடைமையாக வைத்திருக்கத்தக்க சொத்து என்று 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றமே, வசிர்எக்ஸ் தொடர்பான வழக்கில், சொல்லிவிட்டது. சொத்து என்றால் அதை எட்டும் வழியை அடைக்க எழுத்துப்பூர்வமான காரணமும், மேல்முறையீடும், அவகாசமும் வேண்டும். புதியவர்கள் சேர்வதை நோட்டீஸ் போன அன்றைக்கே அரசு நிறுத்தட்டும். ஏற்கெனவே பணம் போட்டவர் எடுத்துக்கொள்ள ஒரு தேதி குறிக்கட்டும். அவகாசம் கொடுத்தால் கறுப்புப் பணக்காரர்கள் தப்பிவிடுவார்கள் என்ற அச்சத்துக்கும் வழி உண்டு: இந்தியாவில் பதிவு பெற்ற நிறுவனத்தில் தன் பான் எண்ணோடு தொடங்கிய கணக்குக்கு மட்டுமே மாற்றலாம் என்று விதித்தால், யார் எவ்வளவு வைத்திருந்தார் என்பது வருமான வரித் துறைக்குத் தானாகவே தெரிந்துவிடும். செயலியை மட்டும் நீக்கினால் அந்தத் தடயமும் சேர்ந்தே போய்விடுகிறது.