பி.டி. பீரியடை கணக்கு டீச்சருக்குக் கொடுக்காதீங்க

மரக்காணம் உப்பளத்தில் வெயிலில் நின்று உப்பு வாரும் பெற்றோரின் ஆசை, "நம்ம புள்ளயாவது படிச்சு மேல வரணும்" என்பதுதான். சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கும் பெற்றோருக்கும் அதே ஆசைதான். அதனாலேயே விளையாட்டு நேரத்தைக் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டால் யாரும் கேட்பதில்லை. கேட்கணும். ஏன்னா, நஷ்டம் கணக்குக்கும்தான்.

அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 7 முதல் 11 வயதுக்குட்பட்ட, உடல் எடை அதிகமான 171 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2011-ல் வெளியானது. பள்ளி முடிந்ததும் ஒரு பிரிவுக்கு 20 நிமிடம், இன்னொரு பிரிவுக்கு 40 நிமிடம் ஓட்டம், ஸ்கிப்பிங், பந்து விளையாட்டு. மூன்றாவது பிரிவுக்கு எதுவும் இல்லை.

சுமார் மூன்று மாதத்தில், ஆடிய குழந்தைகளிடம் திட்டமிட்டுச் செயல்படும் திறன் கூடியது. டியூஷன் எதுவும் இல்லாமலே கணக்கு மதிப்பெண்ணும் ஏறியது. அதிக நேரம் ஆடியவர்களுக்கு அதிகப் பலன். சிலரை ஸ்கேன் செய்தபோது, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியின் செயல்பாடு கூடியிருந்தது. வாசிப்புத் திறனில் மட்டும் மாற்றமில்லை. ஆக, இது மந்திரம் இல்லை. ஆனால் வீண் வேலையும் இல்லை.

இதற்கு ஜிம் வேண்டாம். ஒரு மைதானம், ஒரு கயிறு, வெயில் தாழ்ந்த நேரம் போதும். 'குண்டு' என்று கிண்டல் செய்து ஓரமாக உட்கார வைக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. ஜெயிக்கணும்னு இல்ல, மூச்சு வாங்க ஆடினா போதும்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க்கோடு இதையும் கேளுங்க: "இந்த வாரம் பி.டி. பீரியட் நடந்துச்சா?"