காடழிக்காதவர் ஏன் செலவழிக்க வேண்டும்?

ஏற்காட்டில் இரண்டு ஏக்கர் காப்பி வைத்திருப்பவருக்கும் ஐரோப்பியச் சட்டத்துக்கும் சம்பந்தம் உண்டு, விவசாய அன்பர்களே! 2020 டிசம்பர் 31-க்குப் பின் காடழித்த நிலத்தில் விளைந்த காப்பியைத் தன் சந்தையில் விற்கக் கூடாதென்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் சட்டம் இயற்றியது. அமலாக்கும் தேதி தள்ளிப் போடப்பட்டது. ஆனாலும் தயாராக இருப்பது நல்லது. தோட்டம் இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை கேட்பார்கள். நான்கு ஹெக்டேர், அதாவது சுமார் பத்து ஏக்கர் வரை ஒரே ஒரு புள்ளி போதும். எல்லை முழுவதும் அளக்க வேண்டுமென்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

நோக்கம் நல்லதுதான். மார்ச், ஏப்ரலில் பூ மழை தவறினால் என்ன ஆகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் நூறாண்டுக்கும் மேலாக நிழல் மரங்களின் கீழ் காப்பி விளையும் மலை இது. பதிவுச் செலவை ஏற்றுமதியாளர் ஏற்பதே நியாயம். சிட்டா நகலுடன் காப்பி வாரியத்தாரை இப்போதே விசாரியுங்கள்.