துறைமுகம் நம் வாசலில், கல்லாப்பெட்டி கொழும்பில்



பொருளாதாரம் வளர்ந்தால் மாகாண சபைக்குப் பணம் தன்னால் வந்துவிடும் என்று, கொழும்பில் யார் ஆண்டாலும் நமக்கு ஆறுதல் சொல்கிறார்கள். தோட்டப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டு, சங்க வேலையாகத் திருகோணமலைக்கு வந்துபோகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த ஆறுதலை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

தேயிலையே இல்லாத ஊரைப் பற்றி நம் மடலில் எதற்கு என்று கேட்பீர்கள். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்தை விட்டுப் போன நம் சொந்தக்காரர்கள் இந்த மாவட்டத்திலும் வாழ்கிறார்கள். அது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி மாவட்டங்களில் நம் பிள்ளைகள் படிக்கும் தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை மாகாணப் பாடசாலைகள். ஆசிரியர் சம்பளமும் வகுப்பறைக் கூரையும் மாகாண சபையின் பொறுப்பு. அந்தச் சபைகளுக்கான பணம் எந்த இடத்தில் தடைப்படுகிறது என்பதை, கிழக்கு மாகாண சபையின் தலைமையகம் இருக்கும் திருகோணமலையில் கண்ணாலேயே பார்க்கலாம்.

உலகம் அறிந்த இயற்கைத் துறைமுகம் இங்கே இருக்கிறது. பிறீமா மா ஆலை, டோக்கியோ சீமெந்து ஆலை, பிரித்தானியர் விட்டுப்போன 99 எண்ணெய்த் தாங்கிகள் எல்லாம் இருக்கின்றன. 2025 ஏப்ரலில் திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவதற்கு இந்தியாவுடனும் ஐக்கிய அரபு எமிரேட்சுடனும் கையெழுத்தும் ஆயிற்று. நாளை கப்பல்கள் இரட்டிப்பாக வந்தாலும் மாகாண சபைக்கு என்ன கிடைக்கும்? சுங்க வரியும், வருமான வரியும், பெறுமதி சேர் வரியும் திறைசேரிக்குப் போகும். துறைமுகக் கட்டணம் துறைமுக அதிகார சபைக்குப் போகும். 1987இல் வந்த 13ஆவது திருத்தம் துறைமுகத்தையும் பெரிய வரிகளையும் மத்திக்கு ஒதுக்கியது. மாகாணத்துக்கு விட்டது புரள்வு வரி, முத்திரை வரி, வாகன, மதுபான அனுமதிப்பத்திரக் கட்டணங்கள், நீதிமன்றத் தண்டப்பணம் போன்றவை.

அவற்றில் பொருளாதாரத்தோடு சேர்ந்து வளரக்கூடியது புரள்வு வரி. கடைத்தெருவில் வியாபாரம் கூடினால் மாகாணத்தின் வருமானமும் கூடும். 2011இல் அதைப் பறித்தார்கள். பதிலுக்கு, மத்திய அரசு அறவிடும் தேச நிர்மாண வரியில் மூன்றில் ஒரு பங்கு, முத்திரை வரி முழுவதும், வாகனப் பதிவுக் கட்டணத்தில் 70 சதவீதம் என்று ஏற்பாடு செய்தார்கள். 2019 டிசம்பர் 1ஆம் திகதி தேச நிர்மாண வரியே ஒழிக்கப்பட்டது. பூச்சியத்தில் மூன்றில் ஒரு பங்கு எவ்வளவு என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைக் கேளுங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியும் நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அதுவரை 70 சதவீதம் என்பது பெரும்பாலும் கடதாசியில் இருந்த கணக்கு.

இப்படிச் சொந்த வருமானம் வற்றிய சபைகள் திறைசேரியின் கையைப் பார்த்து நிற்கின்றன. 2022இல் நாட்டின் பொருளாதாரம் 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. வரும் பணத்தில் பெரும்பகுதி ஆசிரியர், சுகாதார ஊழியர் சம்பளத்துக்கே போகிறது. சம்பளத்தை நிறுத்த முடியாது. ஆகவே முதலில் வெட்டு விழுவது கூரைக்கும், மலசலகூடத்துக்கும், தெருவுக்கும்தான். 2024இல் பொருளாதாரம் 5 சதவீதம் வளர்ந்தது. அதே ஆண்டு சனவரியில் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாயிற்று. நீங்கள் வாங்கும் சவர்க்காரத்திலும் பிஸ்கட்டிலும் அது இருக்கிறது. அதில் மாகாணத்துக்கு இத்தனை பங்கு என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை.

நம் பாஷையில் சொல்கிறேன். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். கொழுந்து கொட்டும் மாதத்தில் மேலதிகக் கிலோவுக்குக் காசு கிடையாது. இப்படி ஒரு கூட்டு ஒப்பந்தத்தில் நம் சங்கம் கையெழுத்து வைக்குமா? மாகாண சபைகளுக்கு எழுதி வைத்திருப்பது இந்த ஒப்பந்தம்தான்.

வரி அறவிடும் அதிகாரத்தை மாகாணத்துக்குக் கொடுத்துவிட்டால் போதும் என்பாரும் உண்டு. அதுவும் தனியே போதாது. நாட்டின் மொத்த உற்பத்தியில் 40 சதவீதத்துக்கு மேல் மேல் மாகாணத்தில் நடக்கிறது. காணி விற்பனையும் வாகனமும் அங்கேதான் குவிந்திருக்கின்றன. அவரவர் வரி அவரவருக்கு என்றால் கொழும்பு கொழுக்கும். ஊவாவும் கிழக்கும் மெலியும். இதற்காகத்தான் அரசியலமைப்பு ஒரு நிதி ஆணைக்குழுவை வைத்திருக்கிறது. சனத்தொகை, தலா வருமானம் இரண்டையும் பார்த்து, மாகாணங்களுக்கிடையிலான ஏற்றத்தாழ்வைப் படிப்படியாகக் குறைக்கும்படி பணத்தைப் பிரிக்க வேண்டும் என்பது அதில் எழுதப்பட்ட விதி. இந்தியாவில் மத்திய அரசின் பகிரத்தக்க வரிகளில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு என்று 15ஆவது நிதி ஆணையம் வகுத்தது. மத்தியின் வருமானம் வளர்ந்தால் மாநிலங்களின் தொகையும் வளரும். தன் பங்கு குறைவு என்று தமிழ்நாடு சண்டை பிடிக்கிறது. அவர்களுக்குச் சண்டை பிடிக்கவாவது ஒரு பங்கு இருக்கிறது.

மாகாண சபை வெள்ளை யானை, அதற்கு எதற்குப் பணம் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டம்பரில் முடிந்தது. 2019 முடிவதற்குள் ஒன்பது சபைகளின் காலமும் முடிந்துவிட்டது. அதன்பின் தேர்தல் வைக்காமல் ஆளுநர்களைக் கொண்டு நடத்துகிறார்கள். தீனியைக் குறைத்து, பாகனையும் விரட்டிவிட்டு, யானை வேலை செய்யவில்லை என்பது எந்த ஊர் நியாயம்?

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று. பெறுமதி சேர் வரியிலும், 2022 ஒக்டோபரில் வந்த சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரியிலும் மாகாணங்களுக்கு ஒரு நிலையான பங்கைச் சட்டத்தில் எழுத வேண்டும். அதைப் பிரிக்கும்போது தோட்டப் பாடசாலைகளின் குறைபாட்டைத் தனியாக எண்ணிக் கணக்கில் சேர்க்க வேண்டும். மாகாண சபைத் தேர்தலை உடனே நடத்த வேண்டும்.

அடுத்த மாதச் சங்கக் கூட்டத்தில் ஒவ்வொரு தோட்டத் தலைவரும் இதைப் பேச்சுக்கு எடுங்கள். வாக்குக் கேட்டு லயத்துக்கு வருகிறவரிடம், மாகாணத்தின் பங்கு எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். வளர்ச்சி வரும் என்று மட்டும் சொன்னால் விடாதீர்கள். பங்கை எழுதித் தரச் சொல்லுங்கள்.