கப்பல்ல சாப்பாடு ஃப்ரீதான்... ஆனா பில்லை யார் கட்டுறாங்க?

இன்ஸ்டாகிராமைத் திறந்தா வாரத்துக்கு ஒரு தடவையாவது அந்த மாதிரி ரீல் கண்ணில் படும். நடுக்கடலில் ஒரு சொகுசுக் கப்பல். கேமரா உள்ளே நுழைந்ததும் நீளமான பஃபே. பீட்சா, நூடுல்ஸ், பிரியாணி, பத்து வகை கேக். பின்னணியில் ஒரு குரல்: “எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம், எல்லாமே ஃப்ரீ மக்களே!”

பார்த்ததும் ஆசை வரும். தப்பில்லை. ஆனால், அந்த ‘எல்லாமே’ங்கிற வார்த்தை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கிட்டே வருது. அதை ரீலில் யாரும் சொல்றதில்லை. க்ரூஸ் டிக்கெட்டுக்குக் காசு சேர்த்துக்கிட்டிருக்கும் ஆளாக இருந்தால், இதைப் படிச்சுட்டு புக் பண்ணுங்க.

ஒரே கப்பல், மூணு விதமான தட்டு

உலகத்தின் மிகப்பெரிய கப்பல்களில் ஒன்றான ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ஸையே எடுத்துக்குவோம். ராயல் கரீபியன் நிறுவனத்தின் இந்தக் கப்பல், 2024 ஜனவரியில் அமெரிக்காவின் மியாமியிலிருந்து தன் முதல் பயணத்தைத் தொடங்கியது. 20 தளங்கள். முழுசா நிரம்பினால் சுமார் 7,600 பயணிகள், அவங்களைக் கவனிக்க 2,350 ஊழியர்கள். ஒரு சின்ன டவுனுக்கே தினமும் சமைக்கிற மாதிரி.

இதில் சாப்பிட 20-க்கும் மேற்பட்ட இடங்கள் இருக்கு. அவற்றை மூணாகப் பிரிக்கலாம்.

முதலாவது, டிக்கெட்டோடு சேர்ந்தவை. ‘விண்ட்ஜாமர்’ என்ற பெரிய பஃபே, வெயிட்டர் வந்து பரிமாறும் மெயின் டைனிங் ரூம், ‘சொரெண்டோஸ்’ பீட்சா கடை, ஃபுட் கோர்ட் போலவே இருக்கும் ‘அக்வாடோம் மார்க்கெட்’. இங்கெல்லாம் எத்தனை முறை போனாலும் சாப்பாட்டுக்குத் தனி பில் கிடையாது.

இரண்டாவது, தனியாகக் காசு கட்ட வேண்டியவை. ஸ்டீக் சாப்பிட ‘சாப்ஸ் க்ரில்’, ஜப்பானிய சுஷிக்கு ‘இசுமி’, கடல் உணவுக்கு ‘ஹூக்டு’. இதன் உச்சம் ‘எம்பயர் சப்பர் க்ளப்’. எட்டு வகை உணவு, அதோடு காக்டெயில், மேடையில் ஜாஸ் இசை. கப்பல் அறிமுகமானபோது இங்கே ஓர் இரவுச் சாப்பாட்டின் விலை, தலைக்குச் சுமார் 200 டாலர். நம்ம காசுக்கு ஏறக்குறைய 17,000 ரூபாய்.

மூன்றாவது, காசு இருந்தாலும் எல்லோரும் உள்ளே போக முடியாத இடம். ‘கோஸ்டல் கிச்சன்’ என்ற உணவகம், விலை உயர்ந்த சூட் அறை எடுத்தவர்களுக்கு மட்டும்.

இது இன்னிக்கு வந்த ஐடியா இல்ல

கப்பலில் காசு கட்டிச் சாப்பிடும் உணவகத்துக்கு நூறு வயசுக்கு மேல ஆச்சு. 1905-ல் ‘அமெரிக்கா’ என்ற ஜெர்மன் கப்பலில் ரிட்ஸ்-கார்ல்டன் பெயரில் ஓர் உணவகம் திறந்தார்கள். டைட்டானிக்கிலும் ஒன்று இருந்தது. முதல் வகுப்புப் பயணிகளுக்கு அவர்களுடைய டிக்கெட்டிலேயே சாப்பாடு உண்டு. அது போதாது, மெனு கார்டைப் பார்த்து ஆர்டர் செய்துதான் சாப்பிடுவேன் என்பவர்கள் தனியாகக் காசு கட்டி அந்த ‘ஆ லா கார்ட்’ உணவகத்துக்குப் போகலாம்.

அந்த உணவகத்தைக் காண்ட்ராக்ட் எடுத்து நடத்தியவர் லூயிஜி கட்டி என்ற இத்தாலியர். சமையல்காரர்கள், வெயிட்டர்கள் எல்லோரும் அவருடைய ஆட்கள். அறுபதுக்கும் மேற்பட்ட அந்த ஊழியர்களில் உயிர் பிழைத்தவர்கள் மூன்றே பேர். கட்டியும் பிழைக்கவில்லை.

பணக்காரர்களுக்கான தனி மேஜை அப்போதே இருந்தது. இப்போது மாறியிருப்பது என்னன்னா, அந்த மேஜையை நடுத்தரக் குடும்பத்துக்கும் விற்கிறார்கள். அதுவும் கப்பல் ஏறின பிறகு.

ஏன் இப்படிப் பண்றாங்க?

போனில் டிக்கெட் தேடும்போது நாம என்ன செய்வோம்? ‘குறைந்த விலை முதலில்’ என்று ஃபில்டர் போடுவோம். அதனால் டிக்கெட் விலையை ஏத்த ஒவ்வொரு நிறுவனமும் பயப்படும். ஆனால், கப்பல் ஏறின பிறகு ஒப்பிட்டுப் பார்க்க வேறு கடை கிடையாது. நடுக்கடலில் ஸ்விக்கியும் வராது. அதனால் லாபத்தின் ஒரு பங்கை டிக்கெட்டிலிருந்து எடுத்து, மதுபானம், வைஃபை, கேசினோ, கரைச் சுற்றுலா, ஸ்பெஷல் சாப்பாடு என்று பிரித்து வைத்துவிடுகிறார்கள். குறைந்த கட்டண விமானத்தில் டிக்கெட்டை மலிவாகக் கொடுத்துவிட்டு ஜன்னல் சீட்டுக்கும் சாண்ட்விச்சுக்கும் தனியாக வாங்குற அதே கணக்கு.

இது சில்லறை வியாபாரம் இல்லை. ராயல் கரீபியன் குழுமத்தின் 2024 வருமானம் சுமார் 1,650 கோடி டாலர். அதில் ஏறக்குறைய 30 சதவிகிதம் டிக்கெட் அல்லாத வகையில் வந்தது.

“விருப்பம் இருக்கிறவன் காசு கட்டிச் சாப்பிடட்டும், இதில் என்ன தப்பு?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஸ்டீக்கே சாப்பிடாத ஒருவர், பக்கத்து மேஜைக்காரரின் ஸ்டீக்குக்கும் சேர்த்து டிக்கெட்டில் ஏன் காசு கட்டணும்? தனி உணவகம் இருப்பது பிரச்னை இல்லை. டிக்கெட்டோடு சேர்ந்த தட்டிலும் கோடு போட ஆரம்பிப்பதுதான் கவனிக்க வேண்டியது. கார்னிவல் நிறுவனம், தன் மெயின் டைனிங் ரூமில் இரவு உணவின்போது மூன்றாவது மெயின் டிஷ் கேட்டால் 5 டாலர் என்று கொண்டுவந்தது. உணவு வீணாவதைக் குறைக்கத்தான் என்று விளக்கம் சொன்னார்கள். பஃபேயில் எவ்வளவு வீணாகுதுன்னு கல்யாண வீட்டுப் பந்தி பார்த்த நமக்குத் தெரியும், அந்த விளக்கத்தில் உண்மை இருக்கு. ஆனால், ‘அன்லிமிடெட்’ என்று விளம்பரம் செய்த இடத்தில் எண்ணிக்கை வந்துவிட்டது என்பதும் உண்மை.

தட்டை எடுத்து வர்றவங்க யாரு?

இனிமேல்தான் முக்கியமான விஷயம். கப்பலின் சமையலறையிலும் டைனிங் ஹாலிலும் வேலை செய்பவர்களில் பெரும்பாலானவர்கள் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா போன்ற நாடுகளைச் சேர்ந்தவர்கள். ஒரு காண்ட்ராக்ட் பொதுவாக ஆறிலிருந்து ஒன்பது மாதம். அது முடியும்வரை ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. கேட்டரிங் படிச்சுட்டு க்ரூஸ் வேலைக்கு முயற்சி செய்யும் ஒருத்தராவது உங்க ஃப்ரெண்ட்ஸ் சர்க்கிளில் இருப்பாங்க.

சட்டம் இல்லையா? இருக்கு. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013-ல் அமலுக்கு வந்தது. 2015-ல் இந்தியாவும் ஏற்றுக்கொண்டது. அது இரண்டு வழி சொல்கிறது. ஒன்று, வாரத்துக்கு அதிகபட்சம் 72 மணி நேர வேலை. இல்லையென்றால், வாரத்துக்குக் குறைந்தபட்சம் 77 மணி நேர ஓய்வு. எந்த வழி என்பதை அந்தந்த நாடு முடிவு செய்யலாம். இரண்டாவது வழியை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க. வாரத்துக்கு 168 மணி நேரம். ஓய்வு 77 போனால் மிச்சம் 91. அதாவது, வாரம் 91 மணி நேரம் வேலை வாங்கினாலும் அந்த விதிப்படி தப்பில்லை! ஐகான் ஓடுவது அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து, ஆனால் பதிவு செய்யப்பட்டிருப்பது பஹாமாஸில். பல பெரிய கப்பல்களின் கதை இதுதான். கப்பல் எந்த நாட்டுக் கொடியில் ஓடுகிறதோ, ஊழியர்களுக்கு முதன்மையாக அந்த நாட்டுச் சட்டம்தான்.

டிப்ஸும் இதோடு சேர்ந்ததுதான். ராயல் கரீபியனில் சாதாரண அறைக்குத் தலைக்கு, ஒரு நாளைக்கு 18 டாலருக்கு மேல் ‘கிராஜுட்டி’ தானாகவே கணக்கில் ஏறும். நாலு பேர் குடும்பம், ஏழு நாள் என்றால் 500 டாலருக்கு மேல். நம்ம காசில் 40,000 ரூபாயைத் தாண்டும். இதுபோக, தனி உணவகத்தின் பில்லிலும் 18 சதவிகிதம் சேரும். சம்பளத்தின் ஒரு பகுதியை நேரடியாக நம்ம கையிலிருந்தே வாங்கிக்கொடுக்கும் ஏற்பாடு இது. சிலர் ரிசப்ஷனுக்குப் போய் தினசரி கிராஜுட்டியை எடுக்கச் சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் மிச்சம் பிடிப்பது கம்பெனியின் காசை அல்ல, காலையில் தோசையோ ஆம்லெட்டோ கொண்டுவந்து வைத்தவரின் காசை.

2020 சொன்ன பாடம்

கொரோனா தொடங்கிய நேரம். ‘டயமண்ட் பிரின்சஸ்’ கப்பல் ஜப்பானின் யோகோஹாமாவில் நிறுத்தப்பட்டது நினைவிருக்கா? உள்ளே 3,711 பேர். 700-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று. பயணிகளை அறைக்குள்ளேயே இருக்கச் சொன்னார்கள். அப்புறம் அவர்களுக்கு மூன்று வேளையும் சாப்பாடு யார் கொடுத்தது? ஊழியர்கள்தான். அறை அறையாகத் தட்டு கொண்டுபோனவர்கள், திரும்பிவந்து ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டு, ஒரே அறையைப் பகிர்ந்து தூங்கினார்கள். ஆரம்பத்தில் தொற்று உறுதியான 20 ஊழியர்களில் 15 பேர் உணவுப் பிரிவைச் சேர்ந்தவர்கள். அந்தக் கப்பலில் இருந்த 138 இந்தியர்களில் 132 பேர் ஊழியர்கள். பயணிகள் ஆறே பேர்.

பயணிகளுக்கு இருந்த கதவு, ஊழியர்களுக்கு இல்லை. ரீலில் தெரியும் பஃபேக்குப் பின்னால் இந்த ஏற்பாடுதான் இருக்கு.

சென்னைக்கும் வந்தாச்சு

இது தூரத்து ஊர்க் கதை மட்டும் இல்லை. 2022 ஜூனில் கோர்டீலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ கப்பலை முதல்வர் ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்திலிருந்து கொடியசைத்து அனுப்பிவைத்தார். அடுத்த ஆண்டு அது இலங்கைக்கும் போனது. 1990-ல் தன் பயணத்தைத் தொடங்கிய அந்தக் கப்பல், பல வருடம் ஓடியது இதே ராயல் கரீபியனில்தான். ஆக, கப்பல் மட்டும் வரவில்லை, அந்த வியாபாரப் பழக்கமும் கூடவே வரும்.

அதனால், எந்த க்ரூஸாக இருந்தாலும் புக் பண்றதுக்கு முன்னாடி இந்த நாலு கேள்விகளைக் கேட்டுடுங்க.

1. டிக்கெட்டில் எந்தெந்த உணவகம் சேர்ந்தது? பெயரோடு எழுத்தில் கேளுங்க. ‘ஆல் மீல்ஸ் இன்க்ளூடட்’ என்ற ஒற்றை வரி போதாது.

2. கிராஜுட்டி, வரி, துறைமுகக் கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு? அந்தத் தொகையை வைத்துத்தான் இரண்டு கப்பலை ஒப்பிடணும்.

3. காபி, ஜூஸ், குளிர்பானம் எல்லாம் சேர்த்தியா? பல கப்பல்களில் தண்ணீர், சாதா காபி, டீ மட்டும்தான் சேர்த்தி.

4. சைவம், ஜெயின் உணவு, அலர்ஜி இருந்தால் முன்கூட்டியே சொல்லணுமா? கப்பல் கிளம்பின பிறகு புதுசாகச் சரக்கு ஏற்றுவது கஷ்டம்.

அப்புறம் கப்பல் ஏறியாச்சுன்னா சந்தோஷமா சாப்பிடுங்க. குற்ற உணர்ச்சியோட யாரும் பிரியாணி சாப்பிட வேண்டியதில்லை. தினசரி டிப்ஸைப் பில்லிலிருந்து எடுக்கச் சொல்லாதீங்க. தட்டில் அள்ளிப் போட்டு மிச்சம் வைக்காதீங்க. தட்டு கொண்டுவந்து வைக்கிறவர் சட்டையில் ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயரைச் சொல்லி ஒரு ‘தேங்க்ஸ்’ சொல்லுங்க. அந்தப் பில்லில் அவர் பங்கும் இருக்கு.