டென்ட் வாங்கியாச்சு... காடு எங்கே?

அடையாறு எல்.பி. ரோடு டீக்கடையில் நின்றபடி நண்பன் ஒரு ரீல்ஸைக் காட்டினான். அமெரிக்காவில் ஏதோ ஒரு காடு, நடுவில் ஒரு டென்ட், பக்கத்தில் யாருமே இல்லை. வாடகையும் இல்லையாம். "நம்ம ஊர்ல இப்படி ஃப்ரீயா எங்க போடலாம்? நீதான் ரிப்போர்ட்டர் ஆச்சே, சொல்லு" என்றான். கேட்பதற்கு முன்பே டென்ட்டை ஆன்லைனில் வாங்கிவிட்டான் என்பதுதான் விஷயம்.

விசாரித்தேன். ரீல்ஸ் பொய்யில்லை. அமெரிக்காவின் தேசியக் காடுகள் பலவற்றில் பொதுவாக 14 நாள் வரை காசில்லாமல் தங்கலாம். ஆனால் தண்ணீர், கழிப்பறை, குப்பைத்தொட்டி எதுவும் இருக்காது. கொண்டுபோனதை எல்லாம் திரும்ப எடுத்து வந்துவிட வேண்டும்.

இங்கே கதையே வேறு. 1882-ம் வருடத்துச் சட்டம் ஒன்று இன்னும் நடைமுறையில் இருக்கிறது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதும் தீ மூட்டுவதும் அதன்படி குற்றம். அடையாறுக்குப் பக்கத்திலேயே இருக்கிறதே கிண்டி தேசியப் பூங்கா, அங்கே ராத்திரி தங்கும் உரிமை மான்களுக்கு மட்டும்தான்!

இந்தக் கெடுபிடி பிடிக்காதவர்கள் 2018 மார்ச் 11-ஐ நினைத்துப் பார்க்கலாம். தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நம்மைப் போல வார இறுதிக்காகச் சென்னையிலிருந்து கிளம்பிப் போனவர்களும் அதில் உண்டு. இப்போது 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய திட்டத்தில், 40 பாதைகளுக்கு ஆன்லைனில் பதிவு செய்து, வழிகாட்டியுடன் போகலாம். பெரும்பாலும் ஒரே நாளில் போய்த் திரும்பும் நடை. இஷ்டப்பட்ட இடத்தில் டென்ட் அடிக்க முடியாது.

இதை வீட்டில் சொன்னபோது அம்மா சிரித்தார். அம்மாவுக்கு அம்பாசமுத்திரம் பக்கம். "ஏட்டி, சொரிமுத்தையனார் கோயில்ல நாங்க காட்டுக்குள்ளதான கெடந்தோம்?"

அட, ஆமாம்! பாபநாசத்துக்கு மேலே, காரையாறில், தாமிரபரணிக் கரையில் இருக்கும் கோயில். சுற்றிலும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். ஆடி அமாவாசைக்குக் குடும்பம் குடும்பமாகப் போய், மரத்தடியில் குடில் போட்டு, ஆற்றில் குளித்து, பொங்கல் வைத்து, கிடா வெட்டி, நாள்கணக்கில் தங்குவார்கள். அண்டா, அரிசி, ஆடு, பாட்டி எல்லாம் ஒரே வண்டியில் போகுமாம். ராத்திரி பக்கத்துக் குடிலில் குழந்தை அழுதால் இந்தக் குடிலிலிருந்து ஒருவர் எழுந்துபோய்ப் பார்ப்பாராம். ரீல்ஸில் வந்த ஆளுக்கு இந்தச் சுகம் தெரிய வாய்ப்பில்லை.

இப்போது அங்கேயும் சில நாள்களுக்கு மட்டும்தான் அனுமதி. வண்டிகளுக்குக் கட்டுப்பாடு, செக்போஸ்ட்டில் பிளாஸ்டிக் சோதனை. "சாமி நம்மது, காடு மட்டும் அவங்களுதா?" என்று அம்மாவுக்குக் கோபம். தலைமுறை தலைமுறையாகப் போனவர்களிடம் நாள் எண்ணிக் கொடுத்தால் வலிக்கத்தான் செய்யும். ஆனாலும் என்னால் முழுசாக அம்மா கட்சியில் சேர முடியவில்லை. அவர் சின்ன வயதில் கொண்டுபோனது ஓலைப்பாயும் மண்சட்டியும். விட்டுவிட்டு வந்தாலும் மண்ணோடு மண்ணாகிவிடும். இன்று நாம் கொண்டுபோவது தண்ணீர் பாட்டில், ஷாம்பு பாக்கெட், தெர்மாகோல் தட்டு. திருவிழா முடிந்து நாம் இறங்கிவிடுவோம். அதே ஆற்றில் தண்ணீர் குடிக்கும் யானைக்கு வேறு ஆறு இல்லை. கீழே திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிப்பதும் இந்தத் தண்ணீரைத்தான்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ சட்டி பானையோட போவோம், அத யாரு தடுப்பா?" என்றார்.

நண்பனிடமும் சொன்னேன். ஆடி அமாவாசை என்றைக்கு என்று காலண்டரில் தேடிக்கொண்டிருக்கிறான். அதுவரை டென்ட் அவன் வீட்டு மொட்டைமாடியில்தான். காந்தி நகர் கொசுக்கள் அதற்குள் குடியேறிவிட்டனவாம்.